வயலினும் அச்சுக்கட்டையும்: உபேந்திரகிஷோர் ராயின் வாழ்க்கை

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. ஒரே வேளையில் இரண்டு துறைகளில் நாட்டம் கொள்பவனைப் பார்த்துப் பெரியோர் விடுக்கும் எச்சரிக்கை அது. தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலர் இந்த எச்சரிக்கையைச் செவியில் வாங்கிக்கொண்டுதான் இரயில் ஏறியிருப்போம். படிக்கப் போகிறவன் படிக்க வேண்டும். பாட்டு, படம், நாடகம் எல்லாம் பிறகு. இதுவே நமக்கு இடப்பட்ட கட்டளை.

இக்கட்டளை சரியா, தவறா என்று நான் இங்கு வாதிட வரவில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கூற வந்திருக்கிறேன். அவர் ஓவியர், அச்சுக்கலைஞர், வயலின் வாசித்தவர், பாட்டுப் புனைந்தவர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர், ஒளியியலில் இங்கிலாந்துக்காரர்களும் படித்துப் பயன்கொண்ட கட்டுரைகளை வரைந்தவர். 52 ஆண்டுகளே வாழ்ந்தவர். அவர் பெயர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி.

ராய் சௌத்ரி என்றதும் சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி நம் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் பாட்டனார் என்றால் பலருக்கும் விளங்கும். ஆனால் பேரனின் பெயரைச் சொல்லித்தான் பாட்டனை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது சற்று வருத்தம் தருவதே. எனக்கும் அவர் அப்படித்தான் அறிமுகமானார். கரோல் பாக்கில் நான் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடியில் ஒரு வங்காளக் குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டுக் குழந்தைக்குப் பாட்டி படித்துக் காட்டிய கதைப்புத்தகத்தின் ஆசிரியர் யார் என்று கேட்டதில் தொடங்கியது என் தேடல். அதன் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் வளர்ப்பும்

உபேந்திரகிஷோர் 1863ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய மைமன்சிங் மாவட்டத்தைச் சேர்ந்த மசூவா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். தந்தை காளிநாத் ராய் வடமொழி, அரபு, பாரசீகம் ஆகிய மூன்றிலும் புலமை வாய்ந்தவர். காமதாரஞ்சனுக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது, பிள்ளைப்பேறு இல்லாத உறவினர் ஒருவர் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். அவர் ஹரிகிஷோர் ராய் சௌத்ரி என்னும் ஜமீன்தார். தம் பெயரோடு ஒட்டி உபேந்திரகிஷோர் என்று பிள்ளைக்குப் புதுப்பெயர் சூட்டினார்.

பிறந்த வீட்டிலும் அறிவுச் செல்வத்துக்குக் குறைவில்லை. அண்ணன் சாரதாரஞ்சன் கணிதமும் வடமொழியும் கற்றுக் கல்லூரி முதல்வராக உயர்ந்தார். வங்காளத்தில் கிரிக்கெட் ஆட்டத்தைப் பரப்பிய முன்னோடியும் அவரே. தம்பி குலதாரஞ்சன் புகைப்படக் கலையில் வல்லவர். ஒரு குடும்பத்தில் ஒருவர் பல கலைகளில் நாட்டம் கொண்டால் அதைத் தனிமனித இயல்பு எனலாம். உடன்பிறந்தோர் பலரும் அவ்வாறே இருந்தால் அந்த வீட்டின் காற்றிலேயே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் அன்றோ?

உபேந்திரகிஷோர் மைமன்சிங் மாவட்டப் பள்ளியில் பயின்றார். பள்ளி நாட்களிலேயே படம் வரைவதிலும், புல்லாங்குழல், வயலின் ஆகியவற்றை வாசிப்பதிலும் பொழுதைக் கழித்தார். ஆசிரியர் இல்லாமல் தாமே பார்த்தும் கேட்டும் கற்றவையே மிகுதி.

உடைந்த வயலின்

அப்பள்ளி நாட்களைப் பற்றி வங்காளத்தில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. நுழைவுத் தேர்வு நெருங்கிய வேளை. உபேந்திரகிஷோர் புத்தகத்தைத் தொடுவதாகத் தெரியவில்லை. எந்நேரமும் வயலினும் தூரிகையுமாகவே இருக்கிறார். ஆசிரியர் ஒருவர் அவரை அழைத்து, பள்ளி அவர்மீது பெரும் நம்பிக்கை வைத்திருக்கிறது, அதைக் கெடுத்துவிடலாகாது என்று கூறினாராம். மாணவர் வீடு திரும்பினார். தம் ஆசை வயலினை எடுத்து உடைத்துப் போட்டார். பிறகு படிக்க உட்கார்ந்தார். உதவித்தொகை பெறும் அளவுக்குத் தேர்ச்சியும் பெற்றார்.

இச்செய்தியைப் படித்தபோது என் மனம் கனத்தது. இப்பகுதியில் குடியிருக்கும் நண்பர்களுக்கு அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கரோல் பாக்கிலும் அடுத்துள்ள ராஜேந்திர நகரிலும் எத்திசையில் திரும்பினாலும் தேர்வுப் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களே கண்ணில் படுகின்றன. ஓர் அறையில் மூவர், நால்வர் என்று தங்கி, இரவும் பகலும் படிக்கும் தமிழ் இளைஞர்களை நான் அறிவேன். அவர்களுள் ஒருவர் நன்றாக மிருதங்கம் வாசிப்பார். மற்றொருவர் கரிக்கோலால் முகங்களை அச்சாக வரைவார். இருவரும் அவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். யாரும் எதையும் உடைக்கவில்லை. ஆயினும் உடைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் உபேந்திரகிஷோரின் கதை வயலின் உடைந்ததோடு முடிந்துவிடவில்லை. அதனால்தான் அவர் வரலாறு நமக்கு வேண்டியதாகிறது. தேர்வு முடிந்தது, அவர் கல்கத்தா சென்றார், வயலினை மீண்டும் கையில் எடுத்தார். வாழ்நாள் முழுதும் பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

கல்கத்தா வாழ்க்கை

கல்கத்தாவில் முதலில் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், ஈசுவரசந்திர வித்தியாசாகரர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியிலிருந்து 1884இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதற்கு முன் ஆண்டிலேயே பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டார். உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் ஏற்காத சீர்திருத்த இயக்கம் அது. பழைமையில் ஊறிய ஜமீன் குடும்பத்துக்கு இச்செயல் உவப்பாக இருக்கவில்லை. ஆயினும் இருபது வயது இளைஞர் தம் முடிவில் உறுதியாக நின்றார்.

1885இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் விதுமுகி. அவர் தந்தை துவாரகாநாத் கங்குலி, பெண் கல்விக்காக ஓயாது உழைத்தவர். துவாரகாநாத்தின் இரண்டாம் மனைவி காதம்பினி, இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பின்னர் மருத்துவம் பயின்று தொழில் நடத்தியவர். இத்தகைய சூழ்நிலையில் உபேந்திரகிஷோரின் இல்லறம் தொடங்கியது. சுகலதா, சுகுமார், புண்யலதா, சுபினய், சாந்திலதா, சுபிமல் என ஆறு மக்கள் பிறந்தனர். அவர்களுள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாக விளங்கினர்.

குழந்தைகளுக்காக எழுத வேண்டும் என்னும் ஆர்வம் அவருக்கு மாணவப் பருவத்திலேயே தோன்றியது. 1883இல் தொடங்கிய சகா என்னும் சிறுவர் இதழில் எழுதினார். பிறகு வேறு சிறுவர் இதழ்களுக்கும் எழுதினார். இராமாயணத்தைச் சிறுவர் படிக்கும் வண்ணம் எளிய வங்காள உரைநடையில் ஆக்கினார். அதற்குப் படங்களையும் தாமே வரைந்தார். இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் நேர்ந்தது.

சிதைந்த படங்கள்

அக்காலத்தில் புத்தகத்தில் படம் வரவேண்டுமானால், ஓவியர் வரைந்ததை வேறொருவர் மரக்கட்டையில் செதுக்குவார். ஓவியனின் கோடு ஒன்று. செதுக்குபவனின் கத்தி காட்டும் வழி வேறொன்று. மென்மையான நிழல்கள் அனைத்தும் தடித்த கோடுகளாக மாறிவிடும். சிறுவர் இராமாயணம் அச்சாகி வந்தது. அதில் தம் படங்களைக் கண்ட உபேந்திரகிஷோர் மனம் நொந்தார். தாம் வரைந்த படங்கள் இவைதாமா என்று ஐயுறும் அளவுக்கு அவை சிதைந்திருந்தன.

நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? அச்சகத்தாரைக் குறை கூறியிருப்போம், நண்பர்களிடம் புலம்பியிருப்போம், அடுத்த நூலுக்கு வேறு அச்சகம் தேடியிருப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. குறை எந்த ஒருவரின் கையிலும் இல்லை, முறையிலேயே இருக்கிறது என்று கண்டார். மேலை நாடுகளில் அப்போது பரவி வந்த ஹாஃப்டோன் முறையைப் பற்றி நூல்களை வரவழைத்துப் படித்தார். 1895இல் இங்கிலாந்தின் பென்ரோஸ் நிறுவனத்திடமிருந்து காமிராவும் கருவிகளும் வரவழைத்தார். கல்கத்தாவில் சிவநாராயண் தாஸ் சந்தில், 7ஆம் எண் வீட்டில், யூ. ராய் என்னும் பெயரில் தொழிலகம் தொடங்கினார். வீட்டிலேயே தொழிற்கூடம், அதற்குள்ளேயே ஓர் இருட்டறை. ஆசிரியர் எவரும் இல்லை. பள்ளியில் வயலின் கற்றது போலவே இதையும் தாமே கற்றார்.

புள்ளியின் கணக்கு

ஹாஃப்டோன் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். அறிவியல் பயிலாத நண்பர்கள் அஞ்ச வேண்டா, இது கடினமன்று.

எங்கள் சந்தில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை ஒன்று உண்டு. அங்கே கிடந்த வண்ணத்தாள் ஒன்றை எடுத்து வந்து, சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மணமகளின் கன்னத்துச் சிவப்பு முழுதும் புள்ளிகளாகக் கலைந்தது! சிறுபுள்ளி உள்ள இடம் வெளிறித் தெரிகிறது. பெரும்புள்ளி உள்ள இடம் அடர்ந்து தெரிகிறது. அச்சு இயந்திரத்துக்கு மை உண்டு, மை இல்லை என்னும் இரண்டே நிலைகள்தாம் தெரியும். பாதிக் கறுப்பு என்பது அதற்குத் தெரியாது. ஆகவே புள்ளிகளின் பருமனை மாற்றி நம் கண்ணை ஏமாற்றுகிறார்கள். இந்த இதழின் அட்டையையும் அவ்வாறு பார்க்கலாம். பார்த்தால் நான் கூறுவது விளங்கும்.

இன்று இப்புள்ளிகளைக் கணிப்பொறி கணக்கிட்டு இடுகிறது. உபேந்திரகிஷோர் காலத்தில் அவற்றை ஒளியே இட வேண்டியிருந்தது. மெல்லிய கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வரையப்பட்ட கண்ணாடித் திரை ஒன்று உண்டு. ஓர் அங்குலத்துக்கு 100 கோடுகள் என்றால், ஒரு சதுர அங்குலத்தில் 10,000 சிறு சாளரங்கள். இத்திரையைக் காமிராவினுள், ஒளிபடும் தகட்டுக்குச் சற்று முன்னே நிறுத்துவார்கள். படத்தின் ஒளிமிக்க பகுதியிலிருந்து வரும் ஒளி சாளரத்தின் வழியே நுழைந்து தகட்டில் பெரிய புள்ளியை உண்டாக்கும். இருண்ட பகுதியின் ஒளி சிறிய புள்ளியை உண்டாக்கும். அதிலிருந்து செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் படத்தை ஏற்றி, மை ஏற்க வேண்டாத இடங்களை இரசாயனத்தால் அரித்தெடுத்தால் பிளாக் தயார். நம் பழைய அச்சகங்களில் பிளாக் எடுத்தல் என்று சொன்னார்களே, அது இதுதான்.

சொல்வதற்கு எளிது. ஆனால் திரைக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும்? சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் படம் கெட்டுவிடும். அந்நாளில் பெரும்பாலான தொழிலாளர் இதைக் கைப்பழக்கத்தால் செய்தனர். சரியாக வந்தால் வந்தது; வராவிட்டால் மீண்டும் ஒரு தகடு. உபேந்திரகிஷோருக்கு இது போதவில்லை. ஏன் சரியாக வருகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

திரையின் ஒவ்வொரு சாளரமும் ஒரு குட்டி ஊசித்துளைக் காமிரா என்று கொண்டு அவர் சிந்தித்தார். அந்த ஊசித்துளை தகட்டின்மீது காட்டுவது, லென்சில் பொருத்திய துளையின் உருவத்தையே. அப்படியானால் நான்கு அளவுகளுக்கிடையே ஓர் ஒழுங்கு இருந்தாக வேண்டும்: சாளரத்தின் அகலம், திரையின் இடைவெளி, லென்சுத் துளையின் அகலம், லென்சுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம். முதல் இரண்டுக்கும் உள்ள விகிதம் பின் இரண்டுக்கும் உள்ள விகிதத்தை ஒத்திருக்க வேண்டும். இவ்விகிதம் கையில் இருந்தால் தடுமாற்றம் இல்லை. அளவுகோலை வைத்துத் திரையை நிறுத்திவிடலாம்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. சாளரத்தின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இடைவெளியோ சில மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய துளையில் ஒளி நேர்கோட்டில் மட்டும் செல்லாது. ஓரங்களில் வளைந்து பரவும். இதையே விளிம்பு விளைவு என்று நாம் வகுப்பறையில் படிக்கிறோம். ஹாஃப்டோன் புள்ளியின் அமைப்பில் விளிம்பு விளைவுக்கு என்ன பங்கு என்று அவர் ஆராய்ந்து எழுதினார். எங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் லேசர் விளக்கு வைத்துச் செய்யும் சோதனையின் கருத்தை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்து வீட்டின் இருட்டறையில் ஒருவர் தம் தொழிலுக்குப் பயன்படுத்தினார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

இங்கிலாந்தில் வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலர், அச்சுத்தொழிலில் உலகப்புகழ் பெற்றது. 1897 முதல் 1911-12 வரை அதில் உபேந்திரகிஷோரின் கட்டுரைகள் பல வெளிவந்தன. திரையை நிறுத்தும் முறை, ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு, திரை தானே சரியான இடத்தில் நிற்கச் செய்யும் வழி, விளிம்பு விளைவு, 60 பாகைக் கோணத்தில் கோடுகள் வெட்டும் திரை, லென்சில் பல துளைகளைக் கையாளுதல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அறுபது பாகைத் திரையின் நயம் அழகானது. கோடுகள் செங்குத்தாக வெட்டினால் ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகில் நான்கு புள்ளிகள் இருக்கும். அறுபது பாகையில் வெட்டினால் சம தூரத்தில் ஆறு புள்ளிகள் சூழும். தேனடையின் அமைப்பு அது.

இத்தனையும் எழுதியவர் ஒருமுறைகூட இங்கிலாந்து சென்றதில்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் எதிலும் பணி புரிந்ததில்லை. அவர் பெற்ற பட்டம் பி.ஏ. மட்டுமே. அடிமை நாட்டிலிருந்து ஆளும் நாட்டின் தொழில் மலருக்கு அவர் பாடம் எழுதினார் என்றால் அது மிகையாகாது.

கல்கத்தாவில் அவர் தொழிலும் ஓங்கியது. ராமானந்த சட்டர்ஜி நடத்திய பிரபாசி, மாடர்ன் ரிவியூ ஆகிய இதழ்களில் வந்த வண்ணப் படங்களுக்கு அவரே பிளாக் செய்தார். புதிய வங்காள ஓவியத்தை நாட்டு மக்கள் கண்டது அவ்விதழ்களின் வாயிலாகத்தான். அருங்காட்சியகமோ ஓவியக் கூடமோ காணாத ஓர் இளைஞன், ஏதோ ஓர் ஊரில், பத்திரிகையைப் பிரித்து ஓர் ஓவியத்தைக் கண்டான் என்றால், அக்காட்சிக்கு இடையே உபேந்திரகிஷோரின் கண்ணாடித் திரை இருந்தது.

இசைப்பணி

இவ்வளவு வேலைக்கு நடுவில் இசைக்கு ஏது நேரம் என்று கேட்கத் தோன்றும். அவர் பகாவஜ் என்னும் மத்தளம், சித்தார், புல்லாங்குழல், ஆர்மோனியம், வயலின் ஆகிய அனைத்தையும் பழகியவர். அவற்றுள் வயலினே அவருக்கு உயிர். வங்காளத்தில் அதைப் பேஹாலா என்பார்கள். நம் தென்னாட்டில் பாலுசாமி தீட்சிதர் காலம் முதல் வயலின் நம் இசைக்கே உரிய கருவியாகிவிட்டது. வங்காளத்திலும் அது அவ்வாறு வேரூன்றியது. இரவீந்திரநாத் தாகூர் உபேந்திரகிஷோரின் நெருங்கிய நண்பர். தாகூர் வீட்டு இசை நிகழ்ச்சிகளில் உபேந்திரகிஷோரின் வயலின் உடன் ஒலித்தது. தாகூரின் நதி என்னும் கவிதைக்குப் படம் வரைந்தவரும் இவரே. பிரம்ம சமாஜ விழாக்களில் இவர் புனைந்த பாடல்கள் பாடப்பட்டன.

தாம் கற்றதைப் பிறருக்கு எளிதாக்கித் தருவதே அவர் இயல்பு. ஆசிரியர் இன்றியே ஆர்மோனியம் கற்றுக்கொள்ள ஒரு நூல் எழுதினார். கல்கத்தாவின் துவார்க்கின் இசைக்கருவி நிறுவனம் அதை வெளியிட்டது. 1904இல் வயலின் கற்பதற்கும் ஒரு நூல் எழுதினார். பள்ளியில் தேர்வுக்காக வயலினை உடைத்த மாணவர், நாற்பது வயதில் மற்றவர் வயலின் கற்க நூல் எழுதினார்!

ஓவியத்துக்கும் இசைக்கும் அறிவியலுக்கும் அவர் வேலி கட்டவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் எல்லாவற்றையும் சிறிது சிறிது தொட்டுவிட்டுச் சென்றவர் அல்லர். தொட்ட ஒவ்வொன்றிலும் இது ஏன் இவ்வாறு இருக்கிறது என்று கேட்டார். விடை கிடைத்ததும் அதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தார். வயலினுக்கு நூல், ஆர்மோனியத்துக்கு நூல், கண்ணாடித் திரைக்குக் கட்டுரைகள். எல்லாமே ஒரே மனத்தின் வேலை. அவர் நின்றது ஆற்றிலும் சேற்றிலும் அன்று. ஒரே ஆற்றில் இரு கால்களையும் ஊன்றி நின்றார்.

நம் தமிழகத்திலும் அதே தலைமுறையில் இத்தகைய ஒருவர் இருந்தார். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவம் செய்தார்; அச்சகம் நடத்தினார்; இசையின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். உபேந்திரகிஷோரையும் பண்டிதரையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், அக்காலத்தில் அறிவுத்துறைகளுக்கு இடையே சுவர்கள் இன்றுபோல் உயரமாக இல்லை என்று தோன்றுகிறது.

சந்தேஷ்

1913ஆம் ஆண்டு வங்காளப் புத்தாண்டையொட்டி உபேந்திரகிஷோர் தாமே ஒரு சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். பெயர் சந்தேஷ். வங்காளத்தில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள். பாலாடைக் கட்டியில் செய்யும் இனிப்பு என்றும் பொருள். அறிவும் இனிப்பும் ஒரே பெயரில் அமைந்தன. கதை, பாட்டு, விடுகதை, விலங்குகளின் செய்தி, விண்மீன்களின் செய்தி என்று அதில் எல்லாம் இருந்தன. படங்கள் அனைத்தும் தம் வீட்டுப் பிளாக்கிலேயே தயாராயின. ஏற்கெனவே 1910இல் டுன்டுனிர் போய் என்னும் கதைநூலை வெளியிட்டிருந்தார். அது தையற்சிட்டு ஒன்றின் குறும்புகளைச் சொல்லும் நாட்டுப்புறக் கதைகள் அடங்கியது. மேல்மாடிப் பாட்டி படித்த நூல் அதுவே.

1915இல் சந்தேஷில் அவர் எழுதிய கூபி பாகா கதை குறிப்பிடத்தக்கது. ஒருவன் பாடகன், மற்றவன் மத்தளக்காரன். இருவர் இசையையும் யாரும் கேட்கச் சகிக்கவில்லை. ஊரை விட்டே துரத்துகிறார்கள். காட்டில் பேய்கள் அவர்கள் இசையில் மகிழ்ந்து வரம் அருளுகின்றன. அதன்பின் அவர்கள் பாடினால் கேட்பவர் அசையாமல் நின்றுவிடுவர். கேட்பார் இல்லாத கலைஞன்மீது ஒரு கலைஞருக்கு இருந்த பரிவு இக்கதை முழுதும் தெரிகிறது.

இக்கதையை 1969இல் பேரன் சத்யஜித் ராய் திரைப்படமாக்கினார். அதில் வரும் பேய் நடனத்துக்கு அவர் அமைத்த தாள இசை நம் கர்நாடக இசையிலிருந்து வந்தது என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நம் தாளவாத்தியக் கச்சேரியின் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் அங்கே முழங்குகின்றன.

மறைவும் பின்னும்

தொழில் வளர்ந்ததால் இடம் போதவில்லை. கார்ப்பார் சாலையில் 100ஆம் எண்ணில், அச்சகமும் வீடும் ஒன்றாக அமையும்படி தாமே திட்டமிட்டுக் கட்டடம் எழுப்பி, 1914இல் குடிபுகுந்தார். மூத்த மகன் சுகுமார் 1911இல் இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை பயின்று 1913இல் திரும்பியிருந்தார். தந்தை தாமே கற்றதை மகன் முறையாகக் கற்று வந்தார். எல்லாம் கைகூடி வந்த வேளை அது.

ஆனால் நீரிழிவு நோய் உபேந்திரகிஷோரை வாட்டியது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். நோயாளிக்கு முதன்முதல் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். உபேந்திரகிஷோர் 1915 டிசம்பர் 20ஆம் நாள் காலமானார். இன்று நம் இல்லங்களில் பலர் அதே நோயோடு எழுபது, எண்பது வயது வரை வாழ்கிறார்கள். ஆறு ஆண்டு இடைவெளியில் அந்த வாய்ப்பை அவர் இழந்தார்.

துன்பம் அதோடு நிற்கவில்லை. தொழிலையும் சந்தேஷையும் ஏற்று நடத்திய சுகுமார், 1923 செப்டம்பரில் காலா அசார் காய்ச்சலால் மாண்டார். அவருக்கு வயது 35. மகன் சத்யஜித் அப்போது இரண்டரை வயதுக் குழந்தை. 1920களின் பிற்பாதியில் நிறுவனம் நொடித்தது. வீடும் கைவிட்டுப் போயிற்று. அச்சகம் இருந்த அக்கட்டடம் பின்னர் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. சந்தேஷ் இதழ் மட்டும் 1961இல் சத்யஜித் ராயின் முயற்சியால் மீண்டும் மலர்ந்தது.

இவ்வரலாற்றை நான் கூறியதும் அறை நண்பர் ஒருவர் கேட்டார்: ஜமீன் வருமானம் உள்ளவர் எதையும் செய்யலாம், மாத வாடகைக்கே தவிக்கும் நாம் என்ன செய்வது? நேர்மையான கேள்வி. மறுக்க மாட்டேன். உபேந்திரகிஷோருக்கு வசதி துணைநின்றது. இங்கிலாந்திலிருந்து காமிரா வரவழைக்கும் நிலையில் நம்மில் எவரும் இல்லை. ஆனால் அக்காலத்தில் வசதி படைத்த ஜமீன் பிள்ளைகள் ஆயிரம்பேர் இருந்தனர், உபேந்திரகிஷோர் ஒருவர்தாம். பணம் காமிராவை வாங்கித் தந்தது. ஏன் என்னும் கேள்வியைப் பணம் வாங்கித் தரவில்லை. அக்கேள்விக்கு விலை இல்லை. நம் அறைகளிலும் அதற்கு இடம் உண்டு.

மேலும் ஒன்று. தேர்வு வேளையில் அவரும் தம் வயலினைத் துறக்கத்தான் செய்தார். நாமும் அவ்வாறு துறக்க நேரலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. தேர்வு முடிந்தபின் மீண்டும் எடுத்தோமா என்பதே கேள்வி. நான் கண்டவரை, பெரும்பாலோர் எடுப்பதில்லை. தேர்வுக்குப் பின் வேலை, வேலைக்குப் பின் வீடு, வீட்டுக்குப் பின் கடன் என்று அந்த நாள் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு தலைமுறை இவ்வாறு தள்ளிப் போட்டால், அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்கு யார் கதை எழுதுவார்? யார் படம் வரைவார்?

தமிழ் மாணவ நண்பர்களே! நம் சங்கத்தில் அறிவியல் பயில்வோர் பலர். பாடத் தெரிந்தோரும் வரையத் தெரிந்தோரும் அவர்களுள் உண்டு. தமிழ்க் குழந்தைகளுக்கு நல்ல அறிவியல் கதையும் நல்ல படமும் இன்னும் எவ்வளவோ வேண்டியிருக்கின்றன. நம் ஆண்டு மலரில் இவ்வாண்டு முதல் சிறுவர்க்கென நான்கு பக்கங்கள் ஒதுக்கலாம் என்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். கரோல் பாக்கிலும் பிற பகுதிகளிலும் உள்ள நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கையில் அப்பக்கங்கள் போய்ச் சேரட்டும். ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நான் முன்வருகிறேன். படம் வரைய யார் வருகிறீர்கள்?